கீழே உள்ளது கம்பெனிக்கு

சபை வரலாறு எழுதச் சொன்னார்கள்,
நாலு பக்கத்துக்குள், முடிந்தால் படத்தோடு.
சாவி என்னிடம் இருந்ததால்
பேனாவும் என்னிடமே வந்தது.

டர்ஹாம் நிலக்கரிச் சீமையில்
ரேவன்சைக் என்றொரு சுரங்க ஊர்.
முதலில் தர்ஸா ரெய்னின் சமையலறை.
ஏழு பேர், ஐந்து நாற்காலி.
பாட்டின் நடுவே எழுந்துபோய்
அடுப்பிலிருக்கும் ரொட்டியைத் திருப்பி வைப்பாளாம்.

பிறகு குதிரை லாயத்துக்கு மேலே வைக்கோல் பரண்.
ஜெபம் நீண்டால் கீழேயிருந்து கனைப்பு வரும்.
"எப்போது ஆமென் சொல்ல வேண்டுமென்று
குதிரைக்குத் தெரிகிறது" என
யாரோ குறிப்பேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில் செங்கல் ஆலயம்.
நிலம் கம்பெனி கொடுத்த தானம்.
பத்திரத்தை இரண்டு முறை படித்தேன்:
மேலே உள்ளது சபைக்கு,
கீழே உள்ளது கம்பெனிக்கு.

கத்பர்ட் வார்டில் ஞாயிறன்று பிரசங்கி,
திங்கள் முதல் கரி வெட்டுபவர்.
இருட்டில் தண்டவாளக் கட்டைகளை எண்ணியபடி நடப்பார்,
தலைக்கு மேலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.
தொண்ணூற்று நான்கு மார்ச், நிர்வாகக் கூட்டம்:
"வியாழக்கிழமை திருவிருந்து மேசைக்கு
நேர் கீழே வந்துவிடுவோம் என்று
சகோதரர் வார்டில் தெரிவித்தார்.
குறித்துக்கொள்ளப்பட்டது.
அடுத்து, தேநீர்க் கொதிகலன் ஒழுகுவது பற்றி."

தன் சபைக்கே குழி பறித்தவர் என்று
இன்று எழுதிவிடலாம்.
டன் கணக்கில் கூலி, வீட்டில் எட்டு வாய்.
வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனார்.

வடக்குச் சுவர் வாய் பிளந்தது.
விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினார்கள்.
அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.
மூன்று உடைந்தன.
நாலாவது ஒட்டியதாகக் குறிப்பில்லை.

தகர ஆலயம் ரயிலில் வந்தது,
ஒவ்வொரு தகட்டிலும் எண் போட்டு.
மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது.
பதினோரு வருடம் அப்படி;
புகார் என்று எதுவும் பதிவாகவில்லை.

மண் இறங்கி முடித்தபின்
செங்கல்லுக்கே திரும்பினார்கள்.
சுவருக்கு இரும்புக் கட்டு, பெஞ்சுக் கால்களுக்கு ஆப்பு.
தரை மட்டும் சாய்ந்தே கிடந்தது.
தவறி விழுந்த பென்னி எப்போதும்
வடமேற்கு மூலைக்கே ஓடியது.

இருபத்தாறில் கதவடைப்பு, ஏழு மாதம்.
வெறுங்கையோடு யாரும் காணிக்கைப் பையைக்
கடத்திவிடக் கூடாதென்று
பொத்தான் போட்டார்கள்.
பொருளாளர் ஹன்னா டூலிப்
செல்லாக்காசென்று அவற்றை ஒதுக்கவில்லை;
தனிப் பத்தி கிழித்து எழுதினாள்: பொத்தான், 41.
ஆராதனை முடிந்ததும் வாசலில் ஒரு கிண்ணம்.
அவரவர் பொத்தானை அவரவர் எடுத்துப்போய்
அடுத்த வாரம் மறுபடி.
41. 41. 41.
அக்டோபர் மூன்றாம் ஞாயிறு,
"பை கைதவறியது. 39."

முப்பத்திரண்டில் எதிர்வரிசை வெஸ்லியர்களும் நாங்களும்
ஒரே சபை என்று லண்டனில் கையெழுத்தானது.
தெருவைக் கடக்க எங்களுக்கு
இருபத்தாறு வருடம் பிடித்தது.
அவர்களிடம் நல்ல ஆர்கன் இருந்தது.
கொதிகலன் எங்களுடையதுதான் உசத்தி.

சுரங்கம் மூடியது. பிள்ளைகள் நியூகாசிலுக்குப் போனார்கள்.
இப்போது ஒன்பது பேர்,
செவ்வாய்க்கிழமை, நூலகத்தின் பக்கத்து அறையில்.
ஆலயத்தை வாங்கியவர்கள்
சுவரேறிப் பழகும் கூடம் கட்டுகிறார்கள்.
போன மாதம் தரையைப் பெயர்த்தபோது
மேஸ்திரி என்னைக் கூப்பிட்டான்:
"உங்க ஆளுங்க மூலையில கொஞ்சம் விட்டுட்டுப் போயிருக்காங்க."

பிஸ்கட் டப்பாவில் கொடுத்தான்.
அறுபத்து மூன்று பென்னி, ஒரு கோலிக்குண்டு,
குழந்தையின் பால்பல்,
கறுப்புப் பொத்தான் ஒன்று.
ஒரு துளையில் நூல் இன்னும் இருந்தது.

கணக்கேட்டைத் திறந்து
39-ஐ அடித்துவிட்டு 40 என்று எழுதினேன்,
பென்சிலில்.
மற்றது விரிசல் வழியே
இன்னும் கீழே போயிருக்க வேண்டும்.
பத்திரப்படி அது கம்பெனியுடையது.
கம்பெனிதான் இப்போது இல்லை.